சாலைச் சைக்கிள் பயிற்சி: இலக்கை வகுத்துக்கொண்டு ஏற்ற துணையைத் தேடுவது எப்படி

பந்தயத்திற்காக அல்லாமல் மனநிறைவுக்காகவும் உடல்நலத்துக்காகவும் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், சில மாதங்கள் தனியாக ஓட்டிய பிறகு, கூட வருவதற்கு யாராவது கிடைப்பார்களா என்று தேடத் தொடங்குவது இயல்பு. அவர்களில் பெரும்பாலானோர் முதலில் கண்ணில் படும் குழுவில் சேர்ந்துவிட்டு, அந்தக் குழுவின் வேகத்தையும் தூரத்தையுமே தம்முடைய பயிற்சியாக ஏற்றுக்கொள்கிறார்கள். இதனால் சிலர் வாரந்தோறும் மூச்சிரைக்கத் துரத்தி ஓட்டிச் சலித்துப்போகிறார்கள். சிலர் தம் வலுவுக்குக் குறைவாகவே ஓட்டி, ஓராண்டு கழிந்தும் முன்னேற்றம் இல்லாமல் இருக்கிறார்கள். எதற்காக ஓட்டுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அதற்கு வாரத்தின் எந்த நாளில் எப்படிப்பட்ட ஓட்டம் தேவை என்று பிரித்துக்கொண்டு, அந்தந்த ஓட்டத்துக்குப் பொருந்துகிற துணையைத் தேடுவதே சரியான வரிசை. எல்லா நாளுக்கும் ஒருவரே பொருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

இப்போதைய நிலையை அறிதல்

மூன்று, நான்கு வாரங்களுக்கு எந்தத் திட்டமும் இல்லாமல் வழக்கம்போல் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு குறிப்பேட்டிலோ ஸ்ட்ராவா போன்ற செயலியிலோ பதிவுசெய்யுங்கள். சென்ற தூரம், சக்கரம் உருண்ட நேரம், கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை ஆன மொத்த நேரம், 1 முதல் 10 வரையிலான அளவில் அன்றைய ஓட்டத்தின் கடினம், மறுநாள் காலையில் கால்கள் இருந்த நிலை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். இவற்றுள் கடைசிக் குறிப்பைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். ஆனால் எவ்வளவு பயிற்சியை உடல் தாங்குகிறது என்பதை அதுவே சொல்லும்.

கடினத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓட்டிக்கொண்டே முழு வாக்கியங்களில் பேச முடிந்தால் அது மிதமான ஓட்டம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடினமான ஓட்டம். இதயத்துடிப்பை அளக்கும் பட்டை வைத்திருப்பவர்கள், 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது பலருடைய சராசரி. தனியொருவருக்கு அது பத்துத் துடிப்புகளுக்கு மேலும் பிசகலாம்.

தூரத்தைக் கூட்டுவதற்கு முன் சீட்டின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருக்கிறது என்றும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். இதய நோய் உள்ளவர்களும் நெடுநாள் உடற்பயிற்சி இல்லாதிருந்தவர்களும் மருத்துவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே கடினமான பயிற்சியில் இறங்க வேண்டும்.

இலக்கை எப்படி வகுப்பது

"சராசரி வேகத்தை 25 கிலோமீட்டரிலிருந்து 30 ஆக்க வேண்டும்" என்பதுதான் புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் இலக்கு. என் கருத்தில் இது தவிர்க்க வேண்டிய இலக்கு. சமதளத்தில் சைக்கிளை எதிர்ப்பது பெரும்பாலும் காற்றுதான். அதை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயர்கிறது. 25இலிருந்து 30க்குச் செல்லும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றுக்காகச் செலவிடும் ஆற்றல் 70 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் நன்றாக ஓட்டியும் எண்ணிக்கை குறையும். பின்காற்று தள்ளும் நாளில் சோம்பலாக ஓட்டியும் எண்ணிக்கை உயரும். வேகத்தில் முன்னேற்றத்தைக் காண விரும்பினால், பத்து முதல் இருபது நிமிடம் நீடிக்கும் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே ஏற்றத்தில் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ஏற்றத்தில் வேகம் குறைவாக இருப்பதால் காற்றின் பங்கு சுருங்கி, கால்களின் உண்மையான வலு தெரியும்.

தூரத்தை இலக்காகக் கொள்பவர்களுக்கு, நேர வரம்பு மட்டும் உள்ள, போட்டியற்ற நெடுந்தூர ஓட்டங்களான பிரெவேக்கள் மிகப் பொருத்தமானவை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வேறுபாடு இவற்றில் கிடையாது. 1891இல் முதன்முதலாக நடந்த, பிரான்சின் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர ஓட்டம் இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சமாக 90 மணி நேரத்தில் கடக்க வேண்டிய அந்த ஓட்டத்துக்கான தகுதியும் இந்த நான்கு தூரங்களை முடிப்பதன் வழியாகவே கிடைக்கிறது. முதலாண்டில் 200 போதும். அதன் நேர வரம்பைக் கணக்கிட்டால், ஓய்வையும் சாப்பாட்டையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகமே தேவைப்படுகிறது. சக்கரம் உருளும்போது 22 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கிறவருக்கு, நிற்பதற்கென்றே நான்கு மணி நேரத்துக்கும் மேல் மிஞ்சும். ஆகவே இந்த இலக்குக்குத் தேவை வேகத்தைவிட, நெடுநேரம் சீட்டில் அமர்ந்திருக்கும் பழக்கமும் தேவையற்ற இடங்களில் நேரத்தைக் கரைக்காத ஒழுங்குமே.

இலக்கு எதுவானாலும், அதை வாரத்தின் வேலையாக மாற்றாதவரை அது விருப்பமாகவே நின்றுவிடும். வேலைக்குச் செல்பவருக்கு வாரத்தில் மூன்று அல்லது நான்கு ஓட்டங்கள் நடைமுறைக்கு ஏற்றவை: மிதமான ஓட்டம் ஒன்றோ இரண்டோ, ஏற்றங்களிலோ, சில நிமிடம் கடுமையாகவும் சில நிமிடம் மெதுவாகவும் மாறிமாறி ஓட்டியோ கால்களைக் கடுமையாக உழைக்கவைக்கும் ஓட்டம் ஒன்று, விடுமுறை நாளில் நீண்ட ஓட்டம் ஒன்று. நீண்ட ஓட்டத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாக நீட்டி, மூன்று வாரங்கள் கூட்டியபின் நான்காவது வாரத்தில் குறைத்து ஓட்டினால், உடல் தேறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 200 கிலோமீட்டருக்கு ஆயத்தமாக 120 முதல் 140 கிலோமீட்டர்வரை ஓட்டிப் பழகியிருந்தால் போதுமானது. மிதமான நாளை உண்மையிலேயே மிதமாக வைத்திருப்பதுதான் இத்திட்டத்தில் மிகக் கடினமான பகுதி. துணை என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பதையும், பசி வந்தபின் சாப்பிடத் தொடங்கினால் அது காலம் தாழ்ந்த வேலை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துணையைத் தேடுதல்

சைக்கிள் விற்கும், பழுதுபார்க்கும் கடைகளிலிருந்து வார இறுதியில் கிளம்பும் குழுக்கள், பிரெவே நடத்தும் மன்றங்கள், பணியிடத்தில் சைக்கிளில் வருபவர்கள், ஒரே சாலையில் அடிக்கடி எதிர்ப்படுகிறவர்கள் என்று தேடுவதற்கு இடங்கள் பல உண்டு. ஆட்கள் கிடைப்பது அரிதல்ல. பொருந்துகிறவரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் அரிது.

குழப்பம் பெரும்பாலும் சராசரி வேகம் என்ற ஓர் எண்ணிலிருந்தே பிறக்கிறது. ஒருவர் "நாங்கள் 27இல் ஓட்டுகிறோம்" என்று சொன்னால், அது சக்கரம் உருண்ட நேரத்துக்கான சராசரியா, தேநீருக்கு நின்ற நேரத்தையும் சேர்த்த சராசரியா என்று கேளுங்கள். சமதளத்திலா, மேடுபள்ளமான சாலையிலா? பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராகச் சென்றபோது வந்த எண்ணா, தனியாக ஓட்டியபோது வந்த எண்ணா? முன்னால் செல்பவரின் மறைவில் நெருங்கி ஓட்டுகிறவருக்கு ஆற்றல் கால் பங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும் என்பதால், குழுவில் 30 ஓட்டுகிறவர் தனியாக 26கூட ஓட்டாதவராக இருக்கலாம். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இருவர் தம் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து, பின்தங்குகிறவரை என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். சில குழுக்கள் எல்லோரும் வந்துசேரும்வரை காத்திருக்கும். சில குழுக்கள் ஏற்றத்தின் உச்சியில் மட்டும் காத்திருக்கும். சில குழுக்கள் காத்திருப்பதே இல்லை. மூன்றுமே நியாயமான முறைகள்தான். ஆனால் எந்த முறை என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருப்பது புதியவரின் உரிமை. அதை மறைக்கும் குழுவில் சேர வேண்டாம்.

நீங்கள் துணை தேடி எழுதும்போதும் இதே தெளிவு வேண்டும். "யாராவது வருகிறீர்களா?" என்று கேட்டால் பலர் கை தூக்குவார்கள், விடியற்காலையில் ஒருவரும் வரமாட்டார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "ஞாயிறு காலை 5.30க்குக் கிளம்பி 70 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம், சக்கரம் உருளும்போது 22 முதல் 24. ஒரே ஒரு நிறுத்தம், 20 நிமிடம். 9.30க்குள் திரும்பிவிட வேண்டும். யார் பின்தங்கினாலும் காத்திருப்போம். ஹெல்மெட், விளக்கு, மாற்று ட்யூப் கட்டாயம்." இதைப் படித்து வருகிறவர் ஒருவரே ஆனாலும் அவர் பொருத்தமானவராக இருப்பார்.

முன்பின் அறியாதவருடன் முதல் ஓட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குள், பாதியில் பிரிந்து வீடு திரும்ப வழியுள்ள பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் சந்தியுங்கள்; போகும் பாதையை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்; செயலியில் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பிறருக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அந்த முதல் ஓட்டத்தில் வேகத்தைவிட நடத்தையைக் கவனியுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கிறாரா, சாலைப் பள்ளத்தைக் கையால் சுட்டிக்காட்டுகிறாரா, நீங்கள் பஞ்சர் ஒட்டும்போது பொறுமையாக இருக்கிறாரா என்பவை பல மாதங்களுக்குப் பயன்படும் தகவல்கள்.

சேர்ந்து ஓட்டும் முறை

முன்சக்கரம் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை உரசுவதுதான் சேர்ந்து ஓட்டும்போது நேரும் பெரிய ஆபத்து. அப்படி உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவரே. ஏற்றத்தில் ஒருவர் சீட்டிலிருந்து எழும் கணத்தைக் கூர்ந்து பாருங்கள்: உடல் முன்னோக்கி உயரும்போது பெடலின் அழுத்தம் ஒரு கணம் தளர்ந்து, சைக்கிள் ஒரு சாண் அளவு பின்வாங்குவதுபோல் ஆகிறது. பின்னால் ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டு வருகிறவர் அந்தக் கணத்தில் மோதிவிடுவார். எழுகிறவர் பெடலை அழுத்திக்கொண்டே எழ வேண்டும், எழுவதற்கு முன் குரல் கொடுக்கவும் வேண்டும். பின்னால் வருகிறவர், சக்கரத்தையே முறைத்துக்கொண்டிராமல் முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்க வேண்டும். பழகும்வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுவதில் எந்தக் குறையும் இல்லை.

இருவர் பக்கத்தில் பக்கமாகச் செல்ல அனுமதியுள்ள சாலையில், அரைச் சக்கரம் முன்னே நிற்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மற்றவர் எட்டிப்பிடிக்க, இவர் மீண்டும் முன்னேற, மிதமாகத் தொடங்கிய ஓட்டம் பத்து நிமிடத்தில் பந்தயமாகிவிடும். இருவரின் ஹேண்டில்பார்களும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஓட்டுவதே மரியாதை. அதைச் செய்யாதவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

வலுவில் வேறுபாடு உள்ள இருவரும் நன்றாகச் சேர்ந்து ஓட்ட முடியும். சமதளத்தில் வலுவானவர் நெடுநேரம் முன்னே நின்று காற்றை வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர் முன்னே வரும்போது குறைந்த நேரம் மட்டும் நிற்கட்டும், ஆனால் வேகத்தைக் கூட்டாமல் நிற்கட்டும். முன்னே வந்ததும் உற்சாகத்தில் விரைவது புதியவர்கள் எல்லோரும் செய்வது; அதன் விலையை அடுத்த அரை மணி நேரத்தில் அவர்களே கொடுக்கிறார்கள். காற்றின் மறைவு அதிகம் உதவாத ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் சேர்ந்துகொள்ள வேண்டும். இன்னொரு வழி, வலுவானவரின் மிதமான நாளை மற்றவரின் நீண்ட ஓட்ட நாளோடு இணைப்பது. அவருக்கு மெதுவாக ஓட்ட ஒரு காரணமும், இவருக்குச் சீரான வேகமும் கிடைக்கின்றன. கடினமான பயிற்சி நாளை மட்டும் தனியாகவோ, மிக நெருங்கிய வலுவுள்ளவருடனோ வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் இருவருக்கும் பயிற்சி கெடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டைப் புரட்டி, மிதமான நாள்களின் கடின எண் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், பெரும்பாலும் அந்த நாளுக்கான துணை மாற வேண்டும். நட்பு மாற வேண்டியதில்லை. "செவ்வாய்க்கிழமை எனக்கு மெதுவான நாள், ஞாயிறு சேர்ந்து ஓட்டுவோம்" என்று சொன்னால் புரிந்துகொள்ளாதவர் அரிது.

பிரெவே போன்ற நெடுந்தூர ஓட்டத்துக்குத் துணையோடு செல்வதாக இருந்தால், நடுவழியில் பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். எந்தெந்தக் கட்டுப்பாட்டு நிலையத்தில் (வழியில் வருகையைப் பதிவுசெய்யும் இடத்தில்) எத்தனை நிமிடம் காத்திருப்பது, ஒருவரால் தொடர முடியாவிட்டால் மற்றவர் ஓட்டத்தை முடிக்கலாமா, திரும்பிச் செல்ல வண்டிக்கு யாரை அழைப்பது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.