‘புதிது’ என்று போட்டிருக்கிறதே என்று கிளம்புவதற்கு முன்

பருவம் மாறும்போதெல்லாம் நகரங்களில் இருக்கும் வரலாற்றுப் பூங்காக்கள் ஓர் அறிவிப்பு விடும். புதிய காட்சிக்கூடம் திறப்பு, சிறப்புக் கண்காட்சி, இரவில் விளக்கலங்காரம், மூன்று வாரங்களுக்கு மட்டும் இன்ன பொருள் பார்வைக்கு. நாமும் கிளம்பிப் போவோம். இரண்டு மணி நேரம் சுற்றி, நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, ‘நல்லாத்தான் இருந்தது, ஆனா பெரிசா ஒண்ணுமில்லை’ என்போம். உண்மையில் நிறையவே இருந்திருக்கும். அறிவிப்பைத் தப்பாகப் படித்துவிட்டுப் போயிருப்போம்.

குழப்பம் ‘புதிய’ என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து இப்போதுதான் தோண்டி எடுத்ததும் புதிது. பல வருஷங்களாகக் கிடங்கில் இருந்ததை வெளியே எடுத்து வைப்பதும் புதிது. இடிந்துபோன கட்டடத்தை இந்தக் காலத்து மரத்தையும் கல்லையும் வைத்துத் திரும்பக் கட்டுவதும் புதிது. எல்லோரும் பார்த்த பழைய இடத்துக்குப் புது விளக்கப் பலகை வைத்தாலும் அதே சொல்தான். நாலும் நாலு விதமாகப் பார்க்க வேண்டியவை. எது என்று கேட்காமல் போவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்.

ஜப்பானின் நாரா நகரில் ஹெய்ஜோ அரண்மனை இருந்த இடம் இன்று பெரிய வரலாற்றுப் பூங்கா. 710இல் அங்கே தலைநகர் வந்தது, 784இல் வேறிடம் போனது. அரண்மனை இருந்த சுவடே தெரியாமல் அந்த நிலம் நூற்றாண்டுக் கணக்கில் வயலாகக் கிடந்தது. இப்போது பூங்காவின் குறுக்கே மின்சார ரயில் ஓடுகிறது. உள்ளே போனால் சிவப்புத் தூண்களோடு பிரமாண்டமான வாயிலும் அரியணை மண்டபமும் நிற்கும். வாயில் 1998இல் கட்டி முடித்தது, மண்டபம் 2010இல். மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் தெற்கு வாயில் 2022இல்தான் முடிந்தது. வருகிறவர்களில் பலர் இவற்றின் முன்னால் நின்று ‘ஆயிரத்து முந்நூறு வருஷம்!’ என்று வியந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள்.

கட்டியதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது. மண்டபத்தின் தரை அளவு அகழாய்வில் கிடைத்தது. மேல் பகுதி எப்படி இருந்தது என்பதற்கு ஓவியமோ வரைபடமோ கிடையாது என்பதால், ஏறக்குறைய அதே காலத்துக் கோயில் கட்டடங்களைப் பார்த்து அனுமானித்திருக்கிறார்கள். அதாவது தரைக்குக் கீழே இருப்பது சான்று, மேலே இருப்பது படித்தவர்களின் ஊகம். சான்றைப் பார்க்க வேண்டுமானால் கூட்டம் இல்லாத பக்கம் நடக்க வேண்டும். அகழாய்வுக் குழிகளைத் தோண்டிய நிலையிலேயே கூரை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு கூடம் அங்கே உண்டு. இன்னொரு பக்கம், பழைய தூண்கள் நின்ற இடங்களில் செடிகளை உருளையாக வெட்டி வளர்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டக்காரரின் விளையாட்டு மாதிரி தெரியும். அந்த வரிசைக்கு நடுவே நடந்து பாருங்கள்: இரண்டு செடிக்கு இடையில் உள்ள தூரம்தான் இரண்டு தூணுக்கு இடையில் இருந்த தூரம். அறையின் அகலம் காலுக்குத் தெரியும். மண்டபத்தை விட எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

இதற்கு நேர் எதிரான முடிவெடுத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்ந்த வீடு 1812இல் இடிக்கப்பட்டது. வெளித்தோற்றத்துக்கு நம்பகமான படம் இல்லை. 1976இல் அந்த இடத்தைக் காட்சிக்கு அமைத்த கட்டடக் கலைஞர்கள் ஊகித்துக் கட்ட மறுத்துவிட்டு, வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் வெள்ளை இரும்புச் சட்டத்தால் காற்றில் வரைந்து நிறுத்தினார்கள். பார்க்கிறவர்களுக்கு ‘என்ன இது, பந்தலுக்குக் கால் நட்டுவிட்டுக் கூரை போட மறந்துவிட்டார்களா?’ என்று தோன்றும். நிமிர்ந்து பார்த்துச் சலித்துக்கொள்வதுதான் அங்கே தவறு. குனிய வேண்டும். வீடு கட்டுவது பற்றி ஃபிராங்க்ளினும் மனைவி டெபோராவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வரிகளைத் தரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, தரைக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரத்தை எட்டிப் பார்க்கத் திறப்புகளும் உண்டு.

சரி, பழசும் புதுசும் ஒரே கட்டடத்தில் கலந்திருந்தால்? பழுதுபார்க்கிறவர்கள் அடையாளம் விட்டுத்தான் வைப்பார்கள், நாம்தான் தேடுவதில்லை. ரோமில் பேரரசர் டைட்டஸின் பழைய வெற்றி வளைவை 1820களில் செப்பனிட்ட ஜுசெப்பே வலாதியே என்ற கட்டடக் கலைஞர், பழைய பாகம் சலவைக்கல்லாக இருக்க, தான் சேர்த்த பாகத்தை டிராவர்ட்டைன் என்ற வேறு கல்லில் செய்தார். புதுத் தூண்களில் நெடுக்கு வரிகளையும் செதுக்காமல் வெறுமையாக விட்டார். இது தெரிந்துகொண்டு போனால், எங்கே பழைய கை நிற்கிறது, எங்கே புதுக் கை தொடங்குகிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே விரல் வைத்துக் காட்டலாம். புதிதாகச் சேர்ப்பது பழசிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பதை பழங்காலச் சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் பின்னாளில் எழுத்திலேயே வைத்தது. ஆகவே எந்தப் பூங்காவிலும் செங்கல்லின் நிறம் சட்டென்று மாறினாலோ, சுவர் ஓர் அங்குலம் உள்வாங்கினாலோ ‘வேலை சுத்தமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம்.

விளக்கப் பலகையில் வரும் சில சொற்களையும் நாம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறோம். ‘இடம் மாற்றப்பட்டது’ என்றிருந்தால் வீடு நிஜம், அது நிற்கும் தெரு நிஜமில்லை. ஸ்டாக்ஹோமில் 1891இல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இந்த வகைக்கு முன்னோடி. ஸ்வீடன் முழுவதிலுமிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தினார்கள். அங்கே பக்கத்துப் பக்கத்து வீடாக நிற்பவை பிறந்த ஊரில் ஒன்றை ஒன்று பார்த்ததே கிடையாது. ‘மாதிரி’ என்றிருந்தால் அளவையும் கேளுங்கள். அமெரிக்காவின் சான் ஹோசேயில் 1881இல் எழுந்த மின்விளக்குக் கோபுரம் 237 அடி உயரம், 1915இல் விழுந்துவிட்டது. அந்த ஊர் வரலாற்றுப் பூங்காவில் இன்று நிற்பது 115 அடி. அசலில் பாதிகூட இல்லாத கோபுரத்தைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டால் கோபுரம் என்ன செய்யும்?

அடுத்தது, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது. கட்டடம் காத்திருக்கும், துணியும் காகிதமும் மரச்சீட்டும் காத்திருக்காது. வெளிச்சம் பட்டுச் சாயம் வெளுத்தால் வெளுத்ததுதான், பிறகு இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. அதனால்தான் இத்தகைய பொருள்களைக் கொஞ்ச நாள் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். பருவக் கண்காட்சி என்பதன் பின்னால் விளம்பரத்தைவிட இந்தக் காரணம்தான் பெரிது. ஹெய்ஜோவிலேயே, ஈர மண்ணில் கிடந்ததால் அழுகாமல் தப்பிய, எழுத்து எழுதிய மரச்சீட்டுகளை இலையுதிர்காலத்தில் காட்டுகிறார்கள். அதிலும் நடுநடுவே பழையதை எடுத்துவிட்டு வேறு சீட்டுகளை வைப்பார்கள். அதே நாராவில், ஷோசோயின் என்ற பழைய களஞ்சியத்தின் பொருள்கள் 1946 முதல் இலையுதிர்காலத்தில் இரண்டு வாரம் போலப் பார்வைக்கு வருகின்றன. சுமார் 9,000 பொருள்களில் ஒரு தடவைக்கு அறுபது சொச்சம்தான். இந்த வருஷம் தவறவிட்ட பொருள் அடுத்த வருஷமும் வரும் என்று சொல்ல முடியாது. அறிவிப்பில் ‘காட்சி மாற்றம்’ என்று ஒரு தேதி இருந்தால் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே காரணத்தால் அந்த அறைகள் இருட்டாகவும் இருக்கும். துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வெயிலில் அரை மணி நேரம் நடந்துவிட்டு நேராக உள்ளே நுழைந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக ஏதோ கிடப்பதுதான் தெரியும். ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வெளியேறுகிறவர்கள் ஐந்தே நிமிஷத்தில் தோற்றவர்கள். வாசல் பக்கத்து பெஞ்சில் உட்காருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள், கண் பழகட்டும். மையின் கோடு மெல்ல மேலே வரும்.

வெளியே இதற்கு நேர்மாறு. உச்சி வெயிலில் கற்சிற்பம் தட்டையாகத் தெரியும், இரவு விளக்கலங்காரத்தில் வண்ணம்தான் தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது உளித் தடம் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும், தேய்ந்துபோன எழுத்துகூடப் படிக்க வரும். விளக்கலங்காரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘பூங்கா திறந்திருக்கும்’ என்றால் உள்ளே இருக்கும் கட்டடங்களும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் காட்சிக்கூடங்களுக்குத் திங்கள் விடுமுறை. மூடும் நேரம் வேறு, கடைசி அனுமதி நேரம் வேறு. 05/06 என்று தேதி போட்டிருந்தால் அது ஜூன் 5ஆ மே 6ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் மாதம்தான் முன்னால் வரும்.

மழைக்குப் பிறகு தரையில் ஓட்டுத் துண்டு பளபளக்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கும். வேண்டாம். அந்தத் துண்டு எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதில்தான் பாதிச் சேதி இருக்கிறது. பைக்குள் போனதும் அது வெறும் ஓடு. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். தாய்லாந்தின் அயுத்தயாவில் ஆலமரவகை மரம் ஒன்றின் வேர்களுக்கு நடுவே சிக்கிய புத்தர் தலை ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் படம் எடுக்கும்போது நம் தலை அதைவிட உயரமாக இருக்கக் கூடாது, குந்திக்கொள்ள வேண்டும். நமக்குக் காட்சிப் பொருளாகத் தெரிவது அங்குள்ளவர்களுக்கு வழிபாட்டுப் பொருள்.

கடைசியாக, சாரம் கட்டியோ குழி தோண்டியோ வேலை நடந்துகொண்டிருந்தால் டிக்கெட் காசு வீண் என்று புலம்புவது. ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராக இருந்தபோது குடியிருந்த வீட்டின் இடத்தை 2007இல் தோண்டினார்கள். பொதுமக்கள் பார்க்க மேடை போட்டுவிட்டுத்தான் தோண்டினார்கள். வாஷிங்டன் விருந்தினரை வரவேற்ற வளைந்த சன்னலின் அஸ்திவாரமும், அவருடைய வீட்டில் அடிமைகள் நடமாடிய நிலத்தடி வழியும் அடுத்தடுத்து வெளியே வந்தன. 2010இல் அங்கே நிரந்தரக் காட்சி திறந்த பிறகு போனவர்கள் பலகையில் படித்ததை, வேலி ஓரமாக நின்றவர்கள் மண்ணிலிருந்து வரும்போதே பார்த்தார்கள்.

எந்தப் பூங்காவிலும் சாரத்துக்குப் பக்கத்தில் யாராவது தூரிகையோ உளியோ வைத்துக்கொண்டு இருப்பார்கள். நுழைவாயில் வழிகாட்டியிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியை, அவர்கள் வேலையை நிறுத்தும் நேரம் பார்த்துக் கேளுங்கள்: ‘இதில் எது பழசு?’ கையைத் துடைத்துக்கொண்டு, ‘இதோ, இந்த மூணு கல்லு’ என்று காட்டுவார்கள்.