ஆஞ்சூ வம்சாவளி: கோடு போடும் முன் கவனிக்க வேண்டியவை

மேற்கு பிரான்சின் ஆஞ்சூ பிரபுக்களுக்குக் குடும்ப மரம் வரைபவர்கள் முதலில் தடுமாறுவது 'ஆஞ்சூ' என்ற பெயரில்தான். அது குடும்பப் பெயர் அல்ல, மண்ணின் பெயர். மண் யாருக்குப் போனதோ அவருடைய வம்சத்துக்கு அந்தப் பெயரும் போனது. 1246இல் ஒன்பதாம் லூயி மன்னர் ஆஞ்சூவைத் தம் தம்பி சார்லஸுக்குக் கொடுத்தார். 1360இல் அது இரண்டாம் ஜான் மன்னரின் மகன் லூயிக்குப் போனது. இவர்கள் இருவரையும் பழைய பிரபுக்களின் நேர் வாரிசாகக் கோடு போட்டால் மரமே தப்பாகிவிடும்.

பழைய குடும்பத்துக்குள்ளேயே ஓர் இடத்தில் ஆண்வழி அறுந்துபோகிறது. 1060இல் ஜெஃப்ரி மார்ட்டெல் பிள்ளையில்லாமல் இறந்தார். அடுத்து வந்த தாடிக்கார ஜெஃப்ரியும் அவர் தம்பி ஃபுல்க் ரேஷேனும் மார்ட்டெலின் சகோதரி எர்மங்கார்டின் பிள்ளைகள், அதாவது அவருக்கு மருமகன்கள். அவர்களுடைய அப்பா கத்தினே என்ற வேறொரு பகுதியின் பிரபு. ஜெஃப்ரி, ஃபுல்க் என்று அதே பெயர்கள் தொடர்வதால், தாய்மாமனை அப்பா ஆக்கிவிடுவது எளிது. எனக்கு இந்தத் தவறுதான் அதிகம் வருத்தம் தருகிறது. எர்மங்கார்ட் என்ற பெண்ணே மரத்திலிருந்து காணாமல் போய்விடுகிறாள், மொத்த வம்சமும் அவள் வழியாக நீண்டிருக்கும்போது!

மறுமணங்களையும் கவனிக்க வேண்டும். ஃபுல்க் ரேஷேனின் மனைவி பெர்த்ராத் 1092இல் அவரை விட்டுவிட்டுப் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிலிப்புடன் போய்விட்டார். அங்கே பிறந்த பிள்ளைகளும் ரேஷேனுக்குப் பிறந்த ஐந்தாம் ஃபுல்க்கும் ஒரு தாய் மக்கள். அந்த ஐந்தாம் ஃபுல்க்கே 1129இல் ஜெருசலேம் அரசின் வாரிசான மெலிசாந்தை இரண்டாவதாக மணந்து, பிறகு ஜெருசலேமின் மன்னரானார். எனவே மெலிசாந்துக்குப் பிறந்து ஜெருசலேமை ஆண்ட மூன்றாம் பால்ட்வினும் அமால்ரிக்கும், ஃபுல்க்கின் முதல் மனைவியின் மகனும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் அப்பாவுமான ஜெஃப்ரிக்கு ஒரு தகப்பன் வழித் தம்பிகள். தாயின் பெயரை எழுதாமல் விட்டால் இந்த உறவு புரியாது.

அந்த அப்பா ஜெஃப்ரியைத்தான் 'பிளாண்டஜெனட்' என்றார்கள். அது அவருக்கு மட்டுமான பட்டப்பெயர். குடும்பப் பெயராக அதை எடுத்துக்கொண்டவர் 15ஆம் நூற்றாண்டின் யார்க் கோமகன் ரிச்சர்ட். நடுவில் உள்ள எல்லாருக்கும் அதை ஒட்டுவது பிற்காலத்தவரின் வசதிக்காக.

அப்புறம் தேதிகள். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரச ஆவணங்களில் ஆண்டு ஜனவரியில் அல்ல, மார்ச்-ஏப்ரலில் வரும் ஈஸ்டரில்தான் பிறக்கும். '1250 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்கில் 1251.

கடைசியாக, மரத்தின் உச்சி. 1096இல் ஃபுல்க் ரேஷேன் தம் குடும்ப வரலாற்றைத் தாமே எழுதினார். முதல் நான்கு பிரபுக்களைப் பற்றித் தக்கபடி சொல்ல முடியவில்லை, அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடத் தெரியவில்லை என்று அதில் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறார். ஆனால் 12ஆம் நூற்றாண்டுக் கதைகளோ முதல்வரான இங்கெல்ஜருக்கும் மேலே தெர்த்துல்லஸ் என்றொரு அப்பாவையும் தொர்க்குவாத்தியஸ் என்றொரு தாத்தாவையும் ஏற்றிவிட்டன. அவர்கள் வழிவந்தவருக்கே தெரியாததை நாம் நிரப்ப வேண்டாம். இங்கெல்ஜருக்கு மேலே உள்ள கட்டங்களை வெறுமையாகவே விடுங்கள்.