லினக்ஸ் லைவ் பென்டிரைவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கோத்தகிரி, கூடலூர் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் அரசு இலவச லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே வைஃபை, சத்தம், கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். சொதப்பல் பெரும்பாலும் லினக்ஸில் நடப்பதில்லை, பென்டிரைவைத் தயார் செய்யும்போதே நடந்துவிடுகிறது.

முதலில், டவுன்லோட். மலையில் இதுதான் பெரிய தலைவலி. உபுண்டு, மின்ட் எல்லாம் லினக்ஸின் வகைகள். உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ கோப்பு (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) 6 ஜிபிக்கு அருகில் வரும். லினக்ஸ் மின்ட் 22 என்றால் 3 ஜிபி அளவு. பந்தலூரிலோ மஞ்சூரிலோ மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால், கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போய்விடும். பாதியில் நின்ற கோப்பை பிரவுசர் சில சமயம் முழுசாக இறங்கிவிட்டதுபோலக் காட்டும். அதனால் கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டாரன்ட் வழியாக இறக்குவதே நல்லது. விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்தும் கொள்ளும்.

எப்படி இறக்கினாலும், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பை மட்டும் விடாதீர்கள். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லைத் திறந்து, கோப்பின் பெயரோடு கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) கட்டளையைக் கொடுத்தால் ஒரு நீண்ட எண் வரும். அந்த லினக்ஸின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கெட்டுப்போன ஐஎஸ்ஓவும் சில சமயம் பூட் ஆகிவிடும் (அதாவது லேப்டாப் அதிலிருந்து இயங்கத் தொடங்கிவிடும்), பாதியில்தான் தொங்கும். லேப்டாப்தான் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். குன்னூரில் ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் இறக்கி எடுத்து வருவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: எஃப்ஏடி32 வடிவத்தில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து வைத்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு மென்பொருளால் எழுத வேண்டும். ரூஃபஸில் எழுதுவதாக இருந்தால், டிஸ்கைப் பிரிக்கும் முறை என்று கேட்கும் இடத்தில், பழைய லேப்டாப்புகளுக்கு ஜிபிடியை (GPT) விட்டுவிட்டு எம்பிஆரைத் (MBR) தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றிலும் மோசமான தவறு: தவறான டிஸ்கில் எழுதிவிடுவது. மற்ற எதைத் தவறவிட்டாலும் மறுபடி செய்துகொள்ளலாம். இதில் மட்டும் குடும்பப் படங்களும் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் போய்விடும். லினக்ஸில் டிஸ்கில் நேரடியாக எழுதும் டிடி (dd) கட்டளை எதையும் திருப்பிக் கேட்காது, சொன்ன இடத்தில் எழுதிவிடும். யாரோ எழுதி வைத்த கட்டளையை அப்படியே ஒட்டுவதில்தான் ஆபத்து. புதிய லேப்டாப்பில் உள் டிஸ்க் என்விஎம்இ (NVMe) என்ற வகை, அதற்கு வேறு பெயர் என்பதால் பென்டிரைவுக்கு எஸ்டிஏ (sda) என்ற பெயர் கிடைக்கும். பழைய லேப்டாப்பில் அதே எஸ்டிஏதான் ஹார்ட் டிஸ்க். அங்கே சரியாக இருந்த கட்டளை இங்கே விண்டோஸையே அழித்துவிடும். பென்டிரைவைச் செருகும் முன் ஒரு தடவை, செருகிய பின் ஒரு தடவை, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையைக் கொடுங்கள். புதிதாக வந்த பெயர்தான் பென்டிரைவ். அளவும் பொருந்துகிறதா பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், பென்டிரைவின் பெயர் எஸ்டிபி (sdb) என்றால், எஸ்டிபி1 என்று அதன் ஒரு பகுதியான பார்ட்டிஷனைச் சொல்லக் கூடாது. எஸ்டிபி என்று முழு டிஸ்கையும் சொன்னால்தான் பூட் ஆகும்.

டிடி முடிந்தது என்று திரையில் வந்தவுடன் பென்டிரைவைப் பிடுங்கவும் கூடாது. தரவு இன்னும் ராமில் நின்றுகொண்டிருக்கலாம். சின்க் (sync) கட்டளையைக் கொடுத்து, அது முடிந்த பிறகு எடுங்கள். எட்சர் என்றால் எழுதியதைத் தானே படித்துச் சரிபார்க்கும், அந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். பேட்டரி செத்த லேப்டாப்பில் எழுதும்போது கரண்ட் போனால் கவலை இல்லை, மறுபடி எழுதினால் போதும். ஆனால் ஹார்ட் டிஸ்கில் நிறுவும்போது போனால் விஷயம் வேறு. நிறுவும் வேலையை யுபிஎஸ் உள்ள இடத்தில், மழை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து இயங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வரவில்லையா? விண்டோஸ் முழுதாக அணைந்திருக்காது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். பிறகு லேப்டாப்பை ஆன் செய்தவுடன் அழுத்த வேண்டிய விசை: டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அங்கீகரிக்கப்பட்ட இயங்குதளத்தை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை உடனே அணைத்துவிடும் பழக்கமும் வேண்டாம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் அது ஆனில் இருந்தாலும் பூட் ஆகும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்பில் செக்யூர் பூட்டை மாற்றினால் மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்கவே முடியாது.

லைவில் சேமித்தது எதுவும் அணைத்தவுடன் இருக்காது. கட்டுரையோ படமோ இருந்தால் வேறு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உபுண்டுக்கு ரூஃபஸிலேயே, சேமித்ததை அணைத்த பிறகும் வைத்திருக்கும் பெர்சிஸ்டன்ஸ் இடம் ஒதுக்கலாம்.

வேலை முடிந்து விண்டோஸில் செருகினால் 16 ஜிபி பென்டிரைவ் சில எம்பி மட்டும் காட்டலாம், ஃபார்மேட் செய்யவா என்றும் கேட்கலாம். கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் இன்னும் வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்கு வேண்டாம் சொல்லுங்கள். லினக்ஸ் வேண்டாமென்றால் விண்டோஸின் டிஸ்க்பார்ட் (diskpart) கருவியில் டிஸ்க் எண்ணை அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்துவிட்டு, அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, அதை முழுதும் அழிக்கும் க்ளீன் (clean) கட்டளையைக் கொடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்தால் முழு அளவும் திரும்பிவிடும்.