நோயாளியைத் தூக்காதீர்கள், நகர்த்துங்கள்

செவிலியர்களுக்கு இடுப்பில் சுளீரென்று பிடிப்பது பெரும்பாலும் தாழ்ந்த கட்டிலில் குனிந்து நோயாளியைத் தலைமாட்டை நோக்கி மேலே இழுக்கும்போதுதான். உயரம் மாற்றும் கட்டில் என்றால், முதலில் உங்கள் இடுப்பளவுக்கு ஏற்றுங்கள். நோயாளியின் முதுகு முதல் தொடை வரை அடியில் மடித்த விரிப்பு இருக்கட்டும். பக்கத்துக்கு ஒருவராக நின்று, அதன் ஓரத்தை நோயாளியின் உடலருகே சுருட்டிப் பிடித்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிச் சேர்ந்தே நகர்த்துங்கள். ஒரு கால் தலைமாட்டுப் பக்கம் முன்னே இருந்தால் பாரம் காலுக்கு இறங்கும்.

நோயாளியைக் கையால் தூக்க அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லையே ஏறக்குறைய 16 கிலோதான். ஆள் குறைவு என்று தனியாக முனையாதீர்கள். துணைக்குக் கூப்பிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

வேலைப் பதற்றத்தில் தோள்கள் தாமாகவே காதருகே ஏறி இறுகிவிடும். ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் மூச்சை மெல்ல விட்டபடி அவற்றைக் கீழே இறக்குங்கள்.