தனியார் கல்வி நிலையத்தில் முதல்வராகப் போகிறீர்களா? சேர்க்கையில் தொடங்குங்கள்

சிங்கப்பூரில் தனியார் கல்வி நிலையம் ஒன்றை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்தால், பாடத்திட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாணவர்கள் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை முதல் வாரமே கவனியுங்கள், பின்னால் வரும் தலைவலிகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

திருச்சியிலோ மதுரையிலோ மாணவர்களைச் சேர்த்துவிடும் ஒரு முகவர், "படிச்சுக்கிட்டே வேலை பார்க்கலாம், கட்டின பணத்தை ஒரே வருஷத்துல எடுத்துடலாம்" என்று சொல்லியிருப்பார். ஆனால் தனியார் நிலையத்தில் ஸ்டூடண்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு மாணவருக்கான அனுமதியில், படிப்பவர் இங்கே பகுதிநேர வேலை பார்க்க முடியாது. நகையை அடகு வைத்து அனுப்பிய அப்பாவுக்கு, பையன் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் இது தெரிய வேண்டுமா? ஒப்பந்தம் போடும் முன்பே வீட்டுக்கு போன் செய்து தமிழிலேயே பேசுங்கள்: வேலை கிடையாது, மொத்தக் கட்டணம் இவ்வளவு, கையெழுத்திட்ட 7 வேலை நாளுக்குள் மனம் மாறினால் விலகலாம், அப்போது எவ்வளவு பணம் திரும்பும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாலு பேர் சேராமல் போவார்கள். போகட்டும்.

அடுத்தது வருகைப் பதிவேடு. ஸ்டூடண்ட் பாஸ் மாணவருக்கு மாதம் 90 விழுக்காடு வருகை வேண்டும், குறைந்தால் குடிநுழைவு ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமை நிலையத்துடையது. ஆகவே காலையில் வராதவரை மதியத்துக்குள் கூப்பிட்டு விசாரியுங்கள். காய்ச்சலா, வாடகைப் பிரச்சினையா, ஊர் ஞாபகமா என்று கேட்க ஒருவர் இருந்தாலே பல பிள்ளைகள் மறுநாள் வந்துவிடுவார்கள். பதிவேட்டைத் திருத்தச் சொல்லி மட்டும் எந்த ஆசிரியரையும் கேட்காதீர்கள், முதலாளியே சொன்னாலும் சரி.

தனியார் கல்வி நிலையங்களுக்கான தரச் சான்றிதழான எடுடிரஸ்ட் இல்லாமல் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க முடியாது. முழுச் சான்றிதழ் 4 ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதால் மூன்று வருடம் தூங்கிவிட்டு கடைசியில் புதுப்பிக்கும் நேரத்தில் கோப்பு தேடுகிறவர்கள் உண்டு. கல்விக் குழு, தேர்வுக் குழுக் கூட்டம் முடிந்த அன்றே குறிப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆசிரியர்களில் பலர் பகுதிநேரம், காலையில் ஓரிடம், மாலையில் உங்களிடம். சம்பளத்தைச் சொன்ன தேதியில் போடுங்கள், விடைத்தாள் திருத்தும் நேரத்துக்கும் சேர்த்து.

முதலாளியிடம் இதையெல்லாம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். மாதம் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள், எந்த முகவர் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். இரண்டு மூன்று மாதத்தில் எந்த முகவரை நிறுத்த வேண்டும் என்று அவரே கேட்பார்.