ரேடியோ சாம்பிள்களை ஈத்தர்நெட்டில் அனுப்ப ஹெடர் அமைப்பது எப்படி

ஹெடரில், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் வரும் தகவல் பகுதியில், என்னென்ன வைக்கலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன், நடுவில் ஒரு பாக்கெட் காணாமல் போனால் வாங்குகிற பக்கம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். நாம் அனுப்பப்போவது யுடிபியில், அதாவது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறையில். அதில் பாக்கெட் தொலையும், சில சமயம் முன்பின்னாகவும் வரும், திரும்பக் கேட்டு வாங்க நேரமும் இருக்காது. அதனால் கைக்கு வந்த ஒவ்வொரு பாக்கெட்டும் தன் இடம் எது என்று தானே சொல்ல வேண்டும்.

சரி, கணக்கு. எம்டியு, அதாவது ஓர் ஈத்தர்நெட் ஃபிரேம் சுமக்கும் அதிகபட்ச அளவு, 1500 பைட். ஐபி ஹெடருக்கு 20, யுடிபி ஹெடருக்கு 8 போனால் மிச்சம் 1472. நம் ஹெடருக்கு 16 எடுத்துக்கொண்டால் 1456 பைட். ஒரு ரேடியோ சாம்பிளில் ஐ, க்யூ என்று இரண்டு எண்கள்; ஐ 16 பிட், க்யூ 16 பிட் என்றால் ஒரு சாம்பிள் 4 பைட், ஆக 364 சாம்பிள். நொடிக்கு ஒரு கோடி சாம்பிள் அனுப்பினால் ஏறக்குறைய 27,473 பாக்கெட் போகும்.

அந்த 16 பைட்டை நான் பிரிப்பது இப்படி: பதிப்பும் வகையும் சேர்ந்து 1 பைட், கொடிகளுக்கு 1, ஸ்ட்ரீம் எண் 2, சீக்வென்ஸ் எண் 4, டைம்ஸ்டாம்ப் 8. டைம்ஸ்டாம்ப் எட்டாவது பைட்டில் தொடங்குவதால் கம்பைலர் இடையில் எதையும் திணிக்காது, எஃப்பிஜிஏ (நாமே சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) பக்கமும் 64 பிட் சொல்லாக எடுக்க வசதி.

டைம்ஸ்டாம்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாக்கெட்டை அனுப்பிய நேரத்தைப் போடாதீர்கள், அது பஃபரில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துக்கொண்டு ஆடும். பாக்கெட்டின் முதல் சாம்பிள் எத்தனையாவது சாம்பிள் என்ற எண்ணைப் போடுங்கள். போன பாக்கெட் 7,28,000, அடுத்து வர வேண்டியது 7,28,364, ஆனால் வந்தது 7,29,456 என்றால் 1092 சாம்பிள் இல்லை, அதாவது 3 பாக்கெட். அந்த இடத்தில் பூஜ்யம் நிரப்பிவிட்டு மேலே போகலாம். 32 பிட் போதுமே என்று தோன்றும், ஆனால் இந்த வேகத்தில் அது 7 நிமிடத்தில் சுற்றிவிடும்.

அப்படியானால் சீக்வென்ஸ் எண் எதற்கு? ஏடிசி (ரேடியோ அலையை எண்ணாக மாற்றும் சிப்) பக்கமே பஃபர் நிரம்பி சாம்பிள் போனால் டைம்ஸ்டாம்ப் தாவும், அனுப்பிய பாக்கெட்டுகளை மட்டும் எண்ணும் சீக்வென்ஸ் தாவாது. வழியில் தொலைந்தால் இரண்டும் தாவும். கோளாறு ரேடியோவிலா நெட்வொர்க்கிலா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். ரேடியோ சாம்பிள் அனுப்புவதற்கான விட்டா 49 தரத்தில் இந்த எண் 4 பிட்தான், சரியாக 16 பாக்கெட் தொலைந்தால் அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

அலைவரிசை, கெயின் போன்றவற்றை ஒவ்வொரு ஹெடரிலும் சுமக்க வேண்டாம். மாறும்போது தனி வகைப் பாக்கெட்டாக, எந்தச் சாம்பிளிலிருந்து மாறியது என்ற டைம்ஸ்டாம்போடு அனுப்புங்கள். அது தொலையலாம் என்பதால் நொடிக்கொரு முறை திரும்பவும் அனுப்பிவிடுங்கள்.

நீளத்துக்கு யுடிபியே பொறுப்பு. யுடிபி இல்லாமல் நேராக ஈத்தர்நெட் ஃபிரேமில் அனுப்பினால் மட்டும் நீளத்தை நீங்களே வையுங்கள், 46 பைட்டுக்குக் குறைந்தால் பின்னால் பூஜ்யம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பைட் வரிசை. டைம்ஸ்டாம்ப் 1 என்று ஒரு பாக்கெட் அனுப்பி வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) பாருங்கள்: டைம்ஸ்டாம்பின் கடைசி பைட் 01 என்றால் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் நெட்வொர்க் வரிசை, முதல் பைட் 01 என்றால் திரும்பிக் கிடக்கிறது.

முடித்ததும் சாம்பிளுக்குப் பதில் 1 முதல் ஏறிக்கொண்டே போகும் 32 பிட் எண்களை அனுப்பி, லினக்ஸில் நெட்வொர்க் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் வைத்து 1 சதவீதம் பாக்கெட்டைத் தொலைய விடுங்கள். சேமித்த கோப்பில் ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய எண்ணோ பூஜ்யமோதான் இருக்க வேண்டும். வேறு எண் ஒன்று தென்பட்டாலும் ஹெடரைப் படிக்கும் நிரலில்தான் முதலில் தேடுங்கள்.