தராசும் பில் பிரிண்டரும் பெயர் மாறினால்

ஆரணியில் தெரிந்தவர் ஒருவரின் அரிசி மில்லில் எடைத் தராசும் பில் பிரிண்டரும் யூஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. கரண்ட் போய் வந்தால் சில நாள் எடை வராது, பிரிண்டருக்குப் போக வேண்டியது தராசுக்குப் போய்விடும். கேபிள் கோளாறு என்று அவர் புதுசு வாங்கக் கிளம்பிவிட்டார்.

கேபிள் மேல் தப்பில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், முதலில் கண்டுபிடிக்கும் கேபிளுக்கு டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0) என்று பெயர், அடுத்ததற்கு 1 என்று கொடுத்துக்கொண்டே போகும். ரேஷன் கடை டோக்கன் மாதிரி, முன்னால் வந்தவருக்கு முதல் நம்பர். கரண்ட் வந்ததும் வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். அந்தப் பெயரை உருவாக்குவது கெர்னலின் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் (devtmpfs) என்ற பகுதி, நாம் எழுதும் விதிப்படி அனுமதியும் கூடுதல் பெயரும் தருவது யூடெவ் (udev) என்ற புரோகிராம்.

சரி, சீரியல் நம்பரை வைத்து விதி எழுதலாம் என்று பார்த்தால் இரண்டு கேபிளிலும் இருப்பது சிஎச்340 (CH340) சிப், தனி நம்பரே கிடையாது. விலை குறைந்த கேபிள், வேறென்ன! அதனால் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து, ஒன்றுக்கு 1-1.2, இன்னொன்றுக்கு 1-1.3 என்று போர்ட் எண்ணைக் குறிப்பிட்டு, ஆளுக்கொரு நிலையான சிம்லிங்க் (அசல் பெயரைச் சுட்டும் மாற்றுப் பெயர்) கொடுத்து, யூடெவ் விதிகளை ரீலோட் செய்து, பில் சாஃப்ட்வேரிலும் அந்தப் பெயர்களையே போட்டேன்.

போர்ட்டை மாற்றிச் செருகினால் மறுபடியும் கந்தல்தான், அதனால் எது எந்தப் போர்ட் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.